சீர்த்தட்டில் ஒரு ரோபோ

எனக்குக் காது குத்திய நாளில், மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து தோலை இழுத்துக்கொண்டிருந்த அந்தக் காலையில், சேத்தியாத்தோப்புக்கு வெளியே வெள்ளாற்றுக் கரையில் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலுக்கு வந்திருந்தவர்களை இன்றைக்கும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும்: அப்பா, அம்மா, மைக்கைக் கையில் வாங்கினால் திருப்பிக் கொடுக்காத பெரியப்பா, பெரியம்மா, அப்பாவோடு பெயிண்ட் வேலைக்குப் போகிறவர்கள், குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு வேன் நிறைய அப்பா வழிச் சொந்தம், கடலூரிலிருந்து பஸ் பிடித்துத் தனியாக வந்து இறங்கிய வேலு மாமா. வராதவர் ஒருவர்தான், மாமாவின் மனைவி மல்லிகா அத்தை. "அவளுக்குக் காய்ச்சல்க்கா" என்று மாமா சொன்னார். "மாத்திர வாங்கிக் குடுத்தியாடா" என்று அம்மா கேட்டு முடிப்பதற்குள் பெரியப்பா மைக்கில் தாய்மாமன் சீரைக் கூப்பிட்டுவிட்டார். அத்தையைப் பற்றிய பேச்சு அந்த இடத்தில் அறுந்தது. அறுந்த நுனியைப் பல வருஷங்களுக்கு யாரும் தேடவில்லை, ஏனென்றால் அதற்குள் எல்லார் கண்ணும் தட்டில் இருந்த பொருளின் மேல் போய் ஒட்டிக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் காது குத்தும் பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள், காதில் ஏறும் தங்கத்தையும் தாய்மாமன்தான் கொண்டுவர வேண்டும். அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் வேலு மாமா ஒருவர்தான். கடலூர் முதுநகரில் அவர் வாடகைக்கு இருந்த ஓட்டுவீட்டைத்தான் அம்மா "எங்க ஊட்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டிலிருந்து வருகிற தட்டைப் பொறுத்துத்தான் வேன் நிறைய வந்த சொந்தத்துக்கு நடுவில் அவள் தலை நிமிர்வதும் குனிவதும். அன்றைக்கு வந்த தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், எனக்குச் சட்டை டவுசர், அப்பாவுக்கு வேட்டி எல்லாம் முறைப்படி இருந்தன. நடுவில், சின்னச் சிவப்பு நகைப்பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், முன்பக்கம் கண்ணாடித்தாள் ஒட்டிய ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் கையும் காலும் கம்பியால் கட்டப்பட்டு ஒரு ரோபோ நின்றுகொண்டிருந்தது.

பிள்ளைக்குப் பொம்மை வந்தால் சந்தோஷம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெரியவர்களின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. புதுப் பொருள் எதுவானாலும், சைக்கிளோ மிக்ஸியோ, மஞ்சள் குங்குமம் வைக்காமல் எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள் என்பதால், என்ன செய்வதென்று தெரியாத அந்த அமைதியில் பெரியம்மா பெட்டியைக் கிழித்து, கம்பியை முறுக்கி எடுத்து, ரோபோவின் நெற்றியைத் தேடினாள். நெற்றியில் கொம்பு மாதிரி இரண்டு நீட்டிக்கொண்டிருந்ததால் இடம் கிடைக்கவில்லை. குங்குமத்தை நெஞ்சில் வைத்தாள். காது குத்த வந்திருந்த ஆசாரி "தோடு எங்கங்க" என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து செம்புக்கம்பி ஒன்றை எடுத்து வளைத்து மாட்டினார். மாமாவின் மடி நடுங்கியதை நான் அழுததால் வந்த நடுக்கம் என்றுதான் நினைத்தேன். அந்தச் செம்பினால் என் வலது காது பழுத்துச் சீழ் வைத்தது, மடலில் இன்றைக்கும் ஒரு கிழிசல் இருக்கிறது.

பெரியப்பாவுக்கு இப்போது ஒரு சிக்கல். தொகை சொல்லாத பொருள் எதுவும் அவர் மைக்கைத் தாண்டிப் போனதில்லை. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "என்னா வெலன்னு சொல்லட்டும்?" என்று மாமாவிடம் கேட்டார். மாமா தலையைத் தூக்காமல், "நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார். தன் தம்பியான அப்பா வீட்டு மானம் வேன் ஏறி குறிஞ்சிப்பாடி போய்விடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் பெரியப்பா அதைச் செய்திருக்க வேண்டும். குழாய் ஸ்பீக்கர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை அலறியது: "தாய்மாமன் சீர், வெளிநாட்டு எந்திர பொம்மை, பெறுமானம் ரூபாய் ஐயாயிரம்!"

மைக்கில் சொன்ன தொகை சொன்னதுதான். நாளைக்கு மாமா வீட்டில் ஒரு விசேஷம் என்றால் அதற்குக் குறையாமல் அப்பா தட்டில் வைத்தாக வேண்டும். அண்ணாமலை நகர் குடியிருப்புகளில் சுவரைச் சுரண்டி சுண்ணாம்பு அடிக்கிற மனிதருக்கு, ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் பெயரால், அண்ணனின் வாயால், ஐயாயிரம் ரூபாய் பாரம் ஏறிவிட்டது. இங்கேதான் எங்கள் ஆட்களின் இன்னொரு சட்டம் வந்து குறுக்கே நின்றது: சீர் கொண்டுவந்தவரிடம் அதன் விலையைக் கேட்கக் கூடாது. கேட்டால் அது பிச்சைக்காரத்தனம். ஊரில் உள்ள யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், வாங்கியவரைத் தவிர. அப்பா ஊரில் உள்ள எல்லாரிடமும் கேட்கக் கிளம்பினார்.

முதலில் என்னிடம். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரே ஆள் நான்தான், அதுவும் மூன்றாம் வகுப்பு. கிழிந்த பெட்டியை என் முன்னால் வைத்து "வெல எங்க போட்டிருக்கான், படி" என்றார். நான் இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்காதே என்று ஒரு படம் இருந்தது. விலை எங்கேயும் இல்லை. "ஒரு வெலய படிக்கத் தெரியல, இவன எதுக்குப் பள்ளிக்கூடம் அனுப்பறம்" என்று அப்பா அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா, "வெல போட்டிருந்தாத்தான படிப்பான்" என்றாள்.

அந்தப் பொம்மையை நான் மாதக்கணக்காக ஆராய்ந்தவன், இப்போதாவது அதன் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சாண்கூட இல்லாத உயரம். முதுகில் சக்கரங்கள் இருந்ததால் நிற்க வைத்தால் மல்லாக்கச் சாயும், சுவரில் சாய்த்தால் முழங்கால் மடங்கி வழுக்கும். தலை திரும்பாது. லாரியாக மாற்றலாம் என்று பெட்டிப் படம் சொன்னது. மாற்றப் போனால் இடுப்பு ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டு, ஆளும் இல்லாமல் வண்டியும் இல்லாமல், விபத்தில் சிக்கியது போன்ற ஒரு பிண்டம் கையில் மிஞ்சும். கவசம் என்று நெஞ்சுக்கும் தோளுக்கும் தொடைக்கும் தனித்தனித் துண்டுகள், எல்லாவற்றிலும் தீக்குச்சி மருந்தளவு முளைகள், அவை சேர வேண்டிய ஓட்டைகளோ அதைவிடச் சிறியவை. அழுத்தினால் முளை உடையும், அழுத்தாவிட்டால் துண்டு விழும். தோளில் கவசத்தை மாட்டிவிட்டால் கையைத் தூக்க முடியாது, எதிரி வந்தால் சும்மா நின்று அடி வாங்க வேண்டியதுதான். எல்லாவற்றையும் கழற்றினால்தான் லாரியாக முடியும், லாரியில் கவசத்தை வைக்க இடம் கிடையாது. ஆக, அந்தப் பொம்மை எந்த உருவத்தில் இருந்தாலும் அதில் பாதி தரையில் கிடக்கும், யாராவது மிதிப்பார்கள். தொலைவதற்கென்றே செய்த பொருள் அது. அம்மா மட்டும் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கி ஒரு காலிப் பவுடர் டப்பாவில் போட்டு மூடி வைத்தாள், தம்பி கொண்டாந்தது என்று.

அப்பா அதைத் துண்டில் சுற்றி, என்னை சைக்கிள் கேரியரில் ஏற்றி, சிதம்பரம் கீழ வீதியில் பொம்மைக் கடை வைத்திருந்தவரிடம் கொண்டுபோனார். கடைக்காரர் நாங்கள் பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறோம் என்று முடிவு செய்துவிட்டார். "இது நம்ம சரக்கே இல்ல, அதுவுமில்லாம குங்குமம் வேற வச்சிருக்கீங்க, யாரு எடுப்பா" என்றார். திருப்பித் தர வரவில்லை, மதிப்பு மட்டும் சொல்லுங்கள் என்று அப்பா கும்பிடாத குறையாகக் கேட்டார். "சாமிக்குப் படைச்சதுக்கெல்லாம் மதிப்புச் சொல்ல முடியாதுங்க" என்று அவர் சிரித்ததும், கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

பிறகு அண்ணாமலை நகரில், அவர் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த ஒரு பேராசிரியர் வீட்டுக்கு என்னையும் பொம்மையையும் சேர்த்து அழைத்துப் போனார். அந்த வீட்டுப் பையன் என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவன். பொம்மையைக் கையில் வாங்கினான், இடுப்பை இப்படி ஒரு திருப்பு, காலை அப்படி ஒரு மடக்கு, நாங்கள் ஒரு மாதம் போராடியும் வராத லாரி நொடியில் வந்துவிட்டது. பிறகு உள்ளே போய்த் தன்னுடையதை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தான். அதே கொம்பு, அதே நெஞ்சு, ஆனால் முழங்காலில் இரும்பு, கவசம் மாட்டினால் "டக்" என்று ஒரு சத்தம், உலுக்கினாலும் விழவில்லை. எங்கள் பொம்மையின் நெஞ்சுக்குள் இறங்கியிருந்த குங்குமத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான் சொன்னான்: "இது டூப்ளிகேட் அங்கிள்."

அப்பா வாழ்க்கையில் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் வார்த்தைகள் பெரும்பாலும் பெயிண்ட் டப்பாவில் இருந்து வந்தவை. இந்த ஒன்று வேறு வழியாக வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது. சோறு குழைந்தால் டூப்ளிகேட் அரிசி, மழை ஏமாற்றினால் டூப்ளிகேட் மேகம். நாங்களும் சிரித்தோம். அடுத்த முகூர்த்த மாதத்தில் குறிஞ்சிப்பாடியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். வேலு மாமா அப்போதும் தனியாகத்தான் வந்திருந்தார். பந்தியில் அவருக்கு இலை போட்டு, சோறு விழுந்து, சாம்பார் வாளி பக்கத்தில் வந்த நேரத்தில், எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா பரிமாறுகிறவனிடம் சத்தமாகச் சொன்னார்: "நம்ம டூப்ளிகேட் மச்சானுக்கு நல்லா ஊத்துப்பா. ஐயாயிரம் ரூவா சீர் செஞ்ச கையி, ஜாஸ்தியா ஊத்து."

பந்தியே சிரித்தது. மாமா இலையை மடிக்கவில்லை. எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் வெளியே போனார். அம்மா மண்டப வாசல் வரை "தம்பி, தம்பி" என்று ஓடினாள், பஸ் ஸ்டாண்டு வரை ஓட முடியாது என்பதால் நின்றாள். இலையில் சோறு போட்டபின் எழுந்து போனவரை மறுபடி அழைக்க வேண்டியது எழுப்பியவரின் கடமை. அப்பா அழைக்கவில்லை. "தப்பா என்னா சொல்லிட்டேன், உள்ளதத்தான சொன்னேன்" என்றார்.

அந்த வருஷம் பொங்கலுக்குக் கடலூரிலிருந்து சீர் வரவில்லை. கரும்பு, மஞ்சள் கொத்து, அரிசி வெல்லம், ஒரு புடவை, இவ்வளவுதான் ஒரு அண்ணனோ தம்பியோ கொண்டுவருவது. காசுக் கணக்கில் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் போகி அன்றைக்குத் தெருவில் மற்ற வீட்டுப் பெண்களுக்கு ஒவ்வொருவராக ஆள் வந்து இறங்கும்போது, எங்கள் அம்மா காரணமே இல்லாமல் வாசலைப் பெருக்கிக்கொண்டிருப்பாள். பெருக்கிய வாசலையே பெருக்குவாள். பிறந்த வீட்டுப் புடவை வராத பெண்ணைப் பார்த்து "என்னா, இந்த வருசமும் இல்லியா" என்று கேட்பதற்கென்றே தெருவில் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு அம்மா சொன்ன பதில் வருஷத்துக்கு வருஷம் சுருங்கி, கடைசியில் வெறும் தலையாட்டலாக ஆகிவிட்டது. மாமாவுக்குப் பெண் குழந்தை பிறந்ததும், அதற்குக் காது குத்தியதும் மூன்றாம் மனிதர் வாயால்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஐயாயிரத்தைத் திருப்பி வைக்க வேண்டிய நாள் அழைப்பே இல்லாமல் கடந்துபோனது. அப்பா அதில் நிம்மதி அடைந்தாரா, அவமானப்பட்டாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை.

நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கல்லூரி வரை போனது நான்தான் முதல். இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. பொருளுக்கு மதிப்புப் போடுவதும், போட்ட மதிப்பு சரியா என்று பார்ப்பதும்தான் பிழைப்பு. போன மார்கழியில் ஒரு நாள் காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் வலது காதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ அண்ணி மவன்தான?" என்றார். மல்லிகா அத்தை. அவர் கையைப் பிடித்துக்கொண்டார், நான் மறுக்கத் தெரியாமல் முதுநகருக்கு டவுன் பஸ்ஸில் அவரோடு போனேன். மாமா வேலையிலிருந்து வரவில்லை. காபி கொடுத்துவிட்டு, அத்தை என் காதைத் திருப்பிப் பார்த்து, "செம்புக்கம்பியா போட்டாங்க? அவுரு சொல்லி அழுதாரு" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். இத்தனை வருஷக் கசப்பில், "காய்ச்சல்னு நீங்க வரலன்னு சொன்னாங்க" என்றேன்.

அத்தை என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"காய்ச்சல்லாம் இல்ல தம்பி. மூணு மாசம். கல்யாணமாயி அஞ்சாறு வருசம் கழிச்சு நின்னது. நெலச்சதும் சொல்லிக்கலாம்னு யாருக்கும் சொல்லல. ஒன் காது குத்துக்கு மொத நாளு ஆஸ்பத்திரில சேத்தாரு, தங்கல. தோட்டுக்கு எடுத்து வச்சிருந்த காசு அங்கியே போயிடிச்சி. விடியக்காலைல நான் படுத்திருக்கேன், இவுரு கெளம்பறாரு. போவாதீங்கன்னேன். அக்கா புள்ளைக்கு மடி குடுக்க வேற யாரு இருக்காங்கன்னு கேட்டாரு. தீட்டுன்னு தெரிஞ்சா மடியில உக்கார வச்சிருப்பாங்களா? நல்ல காரியம் நின்னுடும்னு சொல்லல. அப்புறம் சொல்லலாம்னு இருந்தாரு. அப்புறந்தான் ஒங்கப்பா பந்தியில..."

காது குத்தும்போது மாமா மடியில் நான் உணர்ந்த அந்த நடுக்கம் யாருடையது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அதன் எதிரிலேயே நின்றாள். "மாத்திர வாங்கிக் குடுத்தியான்னு கேட்டேன், அதுக்கு மேல ஒரு வார்த்த கேக்கலியே" என்றாள். பிறகு கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்து, என் வாழ்நாளில் நான் கேட்டிராத ஒரு குரலில், "நாளைக்குக் கடலூர் போறேன். வர்றதா இருந்தா சட்டைய எடுத்து வெளியில வைங்க" என்று சொன்னாள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். காலையில் அவர் சட்டை வெளியே கொடியில் இருந்தது.

இப்போதெல்லாம் எங்கள் குலசாமி கோயிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதில்லை, பெரியப்பா குரலும் போய்விட்டது. கீழ வீதிக் கடை இருந்த இடத்தில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். அந்தப் பேராசிரியர் வீட்டுச் சுவருக்கு யார் பெயிண்ட் அடிக்கிறார்களோ தெரியாது, அந்தப் பையன் எந்த நாட்டிலோ இருப்பான். இவற்றில் எதற்காகவும் எனக்கு ஏக்கம் கிடையாது. மைக்கில் ஒரு தொகையைச் சொல்லி ஒரு மனிதனை அளக்கிற பழக்கம் ஒழிந்தது நல்லது, அது முழுசாக ஒழியவில்லை என்பதுதான் வருத்தம். திரும்பி வராதவை வேறு: அம்மா பெருக்கிப் பெருக்கித் தேய்த்த அத்தனை போகிகள், கை கழுவாமல் போனவரின் இலையில் காய்ந்த சோறு, வளர்ந்துவிட்ட பிறகு மட்டுமே நான் முகம் பார்த்த ஒரு மாமன் மகள்.

சட்டை கொடிக்கு வந்த அன்றைக்கே மூன்று பேரும் முதுநகர் வீட்டுக்குப் போனோம். அம்மா மாமாவின் தலையைத் தடவினாள், அவர் நின்றுகொண்டே இருந்தார். அத்தை பாய் விரித்தார். அப்பா மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு துண்டுச் சுருளை எடுத்தார். பவுடர் டப்பாவையும் எடுத்தார். அவர் அதைக் கொண்டுவந்தது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. பிரித்துப் பாயின் மேல் வைத்தார். ரோபோ வழக்கம்போல் மல்லாக்கச் சாய்ந்தது, நெஞ்சின் இடுக்கில் அந்தக் குங்குமம் கறுத்துப் போய் அப்படியே இருந்தது. மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர் எங்கள் அப்பா, அதற்கான வார்த்தை எந்தப் பெயிண்ட் டப்பாவிலும் எழுதியிருக்கவில்லை. கீழ வீதியில் கேட்டவர், பேராசிரியர் வீட்டில் கேட்டவர், மூன்றாம் வகுப்புப் பையனிடம் கேட்டவர், கேட்கக் கூடாத இடத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டார்.

"மச்சான், இத என்னா வெலைக்குடா வாங்குன?"

மாமா பொம்மையை எடுத்து முழங்காலை மடக்கிப் பார்த்தார்.

"திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டு ஓரத்துல, தரையில கடை போட்டிருந்தான் மாமா. ஆஸ்பத்திரிக்குக் கட்டினது போக கையில இருந்தது அவ்வளவுதான், பஸ்ஸுக்கு வேற வேணும். எரநூறு சொன்னான். நூத்தி எம்பதுக்கு முடிச்சேன்."